சின்ன மாமா வந்துபோனார்

காலையில் எழுந்ததும் கெட்டிலில் தண்ணீர் வைப்பான், ஒரு கோப்பைக்கு மட்டும். பல் துலக்குவான். சட்டையைத் தேய்ப்பான். ரொட்டியை நின்றபடியே தின்பான். கட்டிலில் ஒரு பக்கம் கலைந்திருக்காது. மறுபக்கத்துப் போர்வையை மட்டும் இழுத்துவிடுவான். ஷூவுக்கு லேஸ் கட்டும்போது அத்தையின் போன் வரும்.

அத்தை என்றால் மாமியார். கடல் தாண்டி, ஊரில் இருக்கிறாள். அவன் மனைவி ரத்தத்தில் வந்த நோயால் இறந்துபோய்ச் சில மாதங்கள் ஆகின்றன. அந்தச் சாவில் யார்மீதும் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் பிறகுதான் வந்தது.

மனைவி இருந்தவரை வாராவாரம் இணைய வானொலியில் செய்தி வாசித்தாள். ஊரில் தங்கள் ஆட்களில் யாரைப் பிடித்துப் போனார்கள், எந்தப் பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். அதற்காக அந்த அரசாங்கம் அத்தையின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டது. மகளை அடக்கம் செய்ததை அத்தை போனில்தான் பார்த்தாள்.

முதலில் அழுவதற்காகத்தான் கூப்பிட்டாள். போகப்போக அழுகை குறைந்து கேள்விகள் வந்தன. சாப்பிட்டீர்களா, யார் சமைக்கிறார்கள், அவளுடைய கூட்டாளிகள் எட்டிப் பார்க்கிறார்களா. மாப்பிள்ளை பட்டினி கிடக்கிறான் என்று அவள் நினைத்துவிடக் கூடாதே. மருந்துக்கடை அக்கா சோறு கொண்டுவந்து வைப்பதைச் சொன்னான். அந்த அக்காவுக்கு எந்த ஊர் என்று கேட்டாள். அதையும் சொன்னான்.

கொஞ்ச நாளில் அந்த அக்கா அவன் வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்கு வந்தாள். பின்னறையில் லென்ஸைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தான். மனைவி வாசித்த செய்திகளையெல்லாம் ஊரிலிருந்து திரட்டித் தந்தவள் இந்த அக்காதான். வெளியில் யாருக்கும் தெரியாது. ஊரில் அரசாங்க ஆட்கள் அவள் தம்பியைக் கூட்டிப்போய், உங்க அக்கா மருந்து மட்டும்தான் விக்கிறாளா என்று கேட்டிருக்கிறார்கள். இன்னும் வெளியே விடவில்லை.

"நான் உங்க வீட்டுக்கு வந்துபோறது உனக்கும் எனக்கும்தான் தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லல."

அவன் சாணையை நிறுத்தினான். இயந்திரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சோறு போட்ட கைக்கு நல்ல மரியாதை பண்ணிட்ட தம்பி," என்றுவிட்டுப் போனாள்.

அதன் பிறகு அவர்கள் ஊர்க்காரரான தையற்காரர் அவனைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போனார். டீக்கடையில் அவன் தலை தெரிந்ததும் பேச்சு மழைக்கு மாறியது.

அவன் அத்தையைக் கவனிக்கத் தொடங்கினான். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் அவள் கண் திரையைவிட்டு ஒருமுறை விலகியது. முன்பெல்லாம் அடுப்படியில் நின்று பேசுவாள். இப்போது கூடத்தில், மேசைக்கு எதிரே, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆள் இருக்கிறதா, இல்லை அவளே மனமறிந்துதான் கேட்கிறாளா? மைத்துனன் அரசாங்க வேலையில் இருக்கிறான். பிள்ளையைக் காப்பாற்ற எந்தத் தாயும் எதையும் கேட்பாள். இப்படி நினைத்தது அவனுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் நினைத்தான்.

மறுநாள் காலை அவனாகவே சொன்னான்.

"நேத்து நம்ம சின்ன மாமா வந்திருந்தாரு அத்தை."

சின்ன மாமா அத்தையின் கூடப்பிறந்த தம்பி. பக்கத்து ஊருக்கு பஸ் ஏறினாலே வாந்தியெடுக்கிற மனுஷன். செத்து வருஷங்கள் ஆகிவிட்டன. அத்தை தனியாக இருந்தால், உங்களுக்குப் பித்துப் பிடிச்சிருக்கா மாப்பிள்ளை என்று கேட்பாள்.

அத்தையின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"அப்படியா? எப்படி இருக்கான்?"

"கொஞ்சம் மெலிஞ்சிருக்காரு."

"பிளேன்ல வந்தது உடம்புக்கு ஒத்துக்கிச்சாமா?"

பிறகு அவள் கண் பக்கவாட்டில் போய்த் திரும்பியது. எங்கே தங்கியிருக்கிறான் என்று கேட்டாள். வாயில் வந்த ஒரு தெருவைச் சொன்னான்.

படியிறங்கும்போது தனியாகச் சிரித்தான். மனைவி போன பிறகு முதல் சிரிப்பு. பக்கத்தில் ஆள் இருந்தும் அத்தை அவன் பொய்க்குத் துணைநின்றாள்; அவள் அரசாங்கத்தின் பக்கம் இல்லை. அதை உடனே சொல்ல வேண்டுமென்று மருந்துக்கடைக்கே போனான். உளறியது தான்தான் என்பதையும் அங்கே ஒப்புக்கொண்டான்.

அக்கா சிரிக்கவில்லை. கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தாள்.

"அவங்க அந்த மாமாவைத் தேடுவாங்கடா. செத்தவன்னு தெரிஞ்சதும் என்ன ஆகும்? செத்த தம்பியை உன் அத்தை நலம் விசாரிச்சாங்களே, அவங்களைச் சும்மா விடுவாங்களா?"

அவனுக்கு அது தோன்றவே இல்லை. அங்கேயே நின்று அத்தையின் எண்ணை அழுத்தினான். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

அடுத்த நாள் காலை அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த காலையில் வந்தது. அத்தை அதே நாற்காலியில் இருந்தாள். பின்னால் அலமாரி திறந்து கிடந்தது, புடவைகளெல்லாம் தரையில். திரையின் ஓரத்தில் யாருடைய முழங்காலோ தெரிந்தது. அத்தை அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. நேராக அவனைப் பார்த்துப் பேசினாள். அவன் வாயைத் திறப்பதற்குள் ஒரு கை வந்து திரையை மறைத்தது.

அதன் பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை. அம்மா ஓய்வுக்காகச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று மைத்துனன் ஒரு வரி அனுப்பினான். எந்தச் சொந்தக்காரர் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அந்த வாரமே ஊர்த் தொலைக்காட்சியில், மகளைப் பெற்றதற்கு வெட்கப்படுவதாகத் தாய் சொல்லிவிட்டாள் என்று ஒருவர் சிரித்த முகத்தோடு வாசித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவே வந்து அவனை வானொலி அறைக்குக் கூட்டிப்போனாள். அவள் தம்பி இன்னும் உள்ளேதான் இருந்தான். அதைப் பற்றி அவள் பேசவில்லை. மனைவி உட்கார்ந்து வாசித்த நாற்காலியைக் காட்டினாள். அவன் உட்கார்ந்தான். மைக்கை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

"கூட்டாம குறைக்காம சொல்லு. கடைசியா அவங்க என்ன சொன்னாங்க?"

அவன் சொன்னான்.

"மாப்பிள்ளை, இத்தனை நாளா நான் கேட்டதெல்லாம் இவர் சொல்லிக்குடுத்தது. நான் கேக்க நினைச்சதை இன்னும் கேக்கவே இல்ல. எம்பொண்ணு போறப்ப ரொம்ப வலிச்சுதா?"