கடைசியாக நிறுத்துவது

கொழுந்தன் சுவிட்சில் கைவைக்கப் போனபோது அவள் எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். கூடத்தில் அண்ணனைக் கிடத்தியிருக்க, பின்னறையில் ஒரு மெஷின் காலையிலிருந்து இரைந்துகொண்டிருப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை.

"விடுங்க தம்பி, நான் பாத்துக்கறேன்."

அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான்.

ரோஜா இதழ்களை ஆல்கஹாலில் ஊறவைத்து, பிறகு ஆல்கஹாலை மட்டும் ஆவியாக்கி, குளிரவைத்துச் சொட்டாக இறக்கிவிட்டு, வாசனைச் சாற்றை மிச்சம் பிடிக்கிற தொழில். தெருவே அவள் புருஷனைச் சென்ட்டுக்காரர் என்றுதான் கூப்பிடும். காலையில் இந்தச் சுவரோரம் அவர் சரிந்து கிடந்தபோது அவள் மெஷினைப் பார்க்கவில்லை. இப்போதுதான் பார்க்கிறாள்.

சூட்டை அணைத்திருந்தார். குடுவையை வெந்நீர்த் தொட்டியிலிருந்து தூக்கியிருந்தார். சுழற்சி நின்றிருந்தது. காற்றை உள்ளே விடும் திருகும் திறந்திருந்தது, காற்றை உறிஞ்சும் பம்பும் அணைந்திருந்தது. ஆவியைக் குளிரவைக்கும் சில்லர் மட்டும்தான் பாக்கி, அதுதான் இரைந்துகொண்டிருந்தது.

ஒரு நொடியில் உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதைத்தான் இவ்வளவு நேரமும் பிடித்துக்கொண்டிருந்தாள். இது ஒரு நொடி வேலையா? கொதிப்பு அடங்கும்வரை காத்திருந்துதான் திருகைத் திறக்க முடியும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்.

மேசை விளிம்பிலேயே அழைப்பு மணி. போன தடவை நெஞ்சுவலி வந்தபோது அவள் சண்டைபோட்டு வைத்தது. பக்கத்து அறையில் மலைமாதிரி உட்கார்ந்திருந்தாளே. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கட்டினவளைவிட மெஷின் உசத்தியாகப் போயிற்றா இந்த மனுஷனுக்கு?

குடுவை வாங்கியபோதும் சண்டைதான். சின்னதே போதும், பாதி நிரப்பி இரண்டு தடவை ஓட்டினால் கரண்டும் மிச்சம், அவசரத்துக்குச் சட்டென்று நிறுத்தவும் முடியும் என்றார் அவர். ஒரே ஈட்டில் முடியட்டும் என்று இந்தப் பெரிய குடுவையை வாங்கவைத்தவள் அவள். சின்னதாக இருந்தால் சீக்கிரம் அடங்கியிருக்கும்.

திரும்பினாள். திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் மெழுகு உருக்கும் அடுப்பு தெரிந்தது. பாட்டில் மூடிக்கு முத்திரை வைக்கக் காலையில் அதைப் பற்றவைத்திருந்தாள். மெஷின் ஓடும்போது வேண்டாம் என்று அவர் தலைபாடாக அடித்துக்கொள்வார். குடுவையை அப்படியே விட்டிருந்தால் ஆல்கஹால் ஆவி நேரே அந்தத் தீயைத்தான் தேடிப் போயிருக்கும். மணி அடித்திருந்தால் அவள் ஓடிவந்து அவரை வெளியே இழுத்திருப்பாள், மெஷினை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவளைப் பற்றி அவருக்குத் தெரியாதா.

மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெளியூரிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய மகள், தோள்பையோடு பின்னறை வாசற்படியில் நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அப்பா கஷ்டப்படலையேம்மா? சட்டுனு போயிட்டாராமே?"

அம்மா குடுவையைத் தொட்டுப் பார்த்தாள். சில்லிட்டிருந்தது.

"ஆமாடி. ஒரு நொடிதான்."

"இது ஏன் இன்னும் ஓடுது?"

"அதைக் கடைசியாத்தான் நிறுத்தணும்."

குழாய் நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அது விழும்வரை பார்த்திருந்துவிட்டு சுவிட்சை அணைத்தாள். இரைச்சல் நின்றதும், கூடத்தில் யாரோ நாற்காலியை நகர்த்துவது கேட்டது.