கதவுக்குப் பின்னால் தொங்கிய கோணி

1936 மழைக்காலத்தில் நடந்தது இது. மர்பி டவுனில் எங்களுக்கு இரண்டறை வீடு. பட்டாளத்து ஸ்டோரில் நான் குமாஸ்தா. எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் மனைவி பிரிஜெட்டுக்கு லில்லி என்ற வெள்ளைப் பூனைதான் எல்லாம்.

ஒரு நாள் காலையில் லில்லி பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியது. பாதம் வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள் பிரிஜெட். சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிய கோணியை எடுத்துப் பூனையை அதற்குள் திணித்து, வாயைச் சணலால் கட்டினேன். அது எந்தக் கோணி என்று எனக்குத் தெரியும். பூனைக்கும் தெரிந்திருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

அந்தக் கோடையில் லில்லி என் கோட்டின் மேல் மூத்திரம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்டுக்கொள்ள என்னிடம் இருந்தது அந்த ஒரு கோட்டுதான். பிரிஜெட் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, லில்லியை இதே கோணியில் போட்டு சைக்கிளில் கட்டி, அல்சூர் ஏரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் அவிழ்த்துவிட்டேன். எங்கேயோ ஓடிவிட்டது என்று வீட்டில் சொன்னேன். அவள் அழுது, காணாமல் போனதைத் தேடித் தரும் அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டாள். பன்னிரண்டாம் நாள் லில்லி எலும்பும் தோலுமாக வாசலில் வந்து நின்றது. அன்று செவ்வாய்க்கிழமை, அந்தோணியாருக்கு உகந்த நாள். அந்தோணியார்தான் கொண்டுவந்து சேர்த்தார் என்று பிரிஜெட் தெரு முழுக்கச் சொன்னாள். நேர்ச்சையாக ஏழைகளுக்கு ரொட்டி கொடுத்தாள். மூடி போட்ட பிரம்புக் கூடையில் அந்த ரொட்டியைக் கோயிலுக்குச் சுமந்துபோனவன் நான்.

ஆஸ்பத்திரி வாசலில் குதிரைகளும் எருமைகளும் காத்திருந்தன. கோணி உருண்டு புரண்டு உறுமுவதைப் பார்த்து, பிரேசர் டவுன் ஜட்காக்காரர் ஒருவர் சிரித்தார்.

"என்னா சார், உள்ளே புலியா?"

எங்கள் முறை வந்தது. டாக்டர் சீனிவாசராகவன் கோணியை அவிழ்த்தார். லில்லி வெளியே பாய்ந்து மேசை மூலையில் ஒடுங்கியது. கண் முழுக்கக் கறுப்பு. வாயிலிருந்து எச்சில் நுரையாக ஒழுகியது. உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது. டாக்டர் ஓரடி பின்வாங்கினார். நாய் கடித்ததா என்று கேட்டார். தெரியாது என்றாள் பிரிஜெட்.

"வெறிநாய் கடிச்சிருந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. ஊசி போட்டு முடிச்சுடறதுதான் வழி. பயத்துலேயும் பூனைக்கு இப்படி எச்சில் வழியும். இந்தக் கோணியில வெச்சு முன்னாடி எங்கேயாவது கொண்டுபோனேளா?"

இல்லை, இதுதான் முதல் தடவை என்றாள் பிரிஜெட். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்தோணியாரைக் கூப்பிட ஆரம்பித்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி நின்றேன். டாக்டர் அலமாரியைத் திறந்து ஒரு புட்டியை எடுத்தார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"சார், இதே கோணியிலதான் இதைக் கொண்டுபோயி ஏரிக்கு அந்தாண்ட விட்டுட்டு வந்தேன்."

பிரிஜெட்டின் ஜெபம் பாதியில் நின்றது.

டாக்டர் புட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்தார். கோணியை வெளியே எறியச் சொன்னார். கதவைச் சாத்தி, பிரிஜெட்டின் சால்வையை வாங்கிப் பூனையை மூடினார். கால் மணி நேரம் யாரும் பேசக் கூடாது என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது. சால்வைக்குள் நடுக்கம் குறைந்தது, எச்சிலும் நின்றது. பிறகு காலை மட்டும் வெளியே இழுத்துப் பார்த்தார். ஒரு முள் ஒடிந்து உள்ளே இருந்தது. அதை எடுத்து, கழுவிக் கட்டினார். நான்காம் நாள் கட்டுப் பிரிக்க வரவேண்டும், அதற்குள் மூடி உள்ள ஒரு கூடையில் அது படுக்கும் துணியைப் போட்டு, திறந்தபடியே வீட்டில் வைத்து அதிலேயே சோறு வையுங்கள், வரும்போது மேலே துணி போட்டு மூடுங்கள் என்றார். எல்லாவற்றையும் பிரிஜெட்டிடம்தான் சொன்னார்.

ஜட்காவில் சால்வை மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஒரு தடவைதான் பேசினாள்.

"ரொட்டிக் கூடையை நீங்கதானே தூக்கிட்டு வந்தீங்க?"

ஆமாம் என்றேன்.

"ஃபாதர் கிட்டகூடச் சொன்னேன். அப்பவும் நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கூடையைப் பரணிலிருந்து இறக்கி என் முன்னால் வைத்தாள். துணி விரித்து, கருவாட்டுத் துண்டு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து லில்லி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பொழுது சாயும்வரை வரவில்லை.

"நீங்க தள்ளிப் போங்க. அது வரும்," என்றாள் பிரிஜெட் அடுப்படியிலிருந்து.

வாசலில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கூடையின் பிரம்பு கிறீச்சிடும் சத்தம் கேட்டது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அப்படித்தான். வைப்பேன், எழுந்து போய்விடுவேன்.

நான்காம் நாள் லில்லி தானாகக் கூடையில் படுத்திருந்தது. பிரிஜெட் மூடி போட்டு, சால்வையால் மூடி, தானே தூக்கிக்கொண்டாள். நான் கை நீட்டினேன், கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிச் சுவரோரம் என் கோணி மழையில் ஊறி அப்படியே கிடந்தது. லில்லி கூடைக்குள் இருந்ததால் அதைப் பார்க்கவில்லை. பிரிஜெட் பார்த்தாள்.