தர்சாவுக்குச் சொன்ன சேதி

பொய் சொல்லிப் பிழைக்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். சந்தையில் சொல்லலாம், பெண் கேட்கப் போன இடத்தில் சொல்லலாம், ஏன், கோர்ட்டில்கூடச் சொல்லலாம். ஆனால் டனாக்கில் என்ற உப்புப் பாலையில் அஃபார் இனத்தார் இரண்டு பேர் எதிரெதிரே வந்து, "என்ன சேதி?" என்று கேட்டுவிட்டால் அதற்கப்புறம் பொய்க்கு இடமில்லை. எங்கே மழை, எங்கே புல், எந்தக் கிணற்றில் தண்ணீர், வழியில் யார் யாரைக் கண்டாய், எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். அதற்குத் தாகு என்று பெயர். பகையாளி எதிரே வந்தாலும் முதலில் தாகு, பிறகுதான் கத்தி.

அந்தத் தாகுவில் பொய் சொன்னவன் தர்சா.

மொமினாவின் அண்ணன் காஸ், ஒட்டகங்களுக்குப் புல் தேடிப் போனபோது வழியில் அவனைக் கண்டான். தெற்கே மழை பெய்து புல் தலைகாட்டியிருந்தது தர்சாவுக்குத் தெரியும். அது தன் ஒட்டகங்களுக்கு மட்டும் போதும் என்று நினைத்தவன், வடக்கே கிணறு நிறைந்து கிடக்கிறது என்று கூசாமல் சொன்னான். போகிற வழியில் தங்கை குடிசையில் பால் குடித்த காஸ், "தர்சா கண்ணால பாத்தானாம்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு வடக்கே போனான். வறண்ட கிணற்றின் அடியில்தான் பிறகு அவனைக் கண்டெடுத்தார்கள். ஒட்டகங்கள் கிணற்றைச் சுற்றிச் செத்துக் கிடந்தன.

பெரியவர்கள் கூடி விசாரித்தபோது, "காஸை நான் பாக்கவே இல்லையே" என்றான் தர்சா. மொமினா சொன்னதை யாரும் நம்பவில்லை. தாகுவில் ஒருவன் பொய் சொல்வானா? துக்கத்தில் பெண்பிள்ளை உளறுகிறாள் என்று கலைந்து போனார்கள். அன்று அவள் வயிற்றில் பற்றிய நெருப்பு அணையவேயில்லை. அணைய விடவும் இல்லை அவள்.

தர்சா அப்புறம் ஒட்டகங்களை விட்டுவிட்டு, பாலையைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வழிகாட்டியானான். ஒரு காலத்தில் இது கடல், நடுவில் மேடு எழுந்து தண்ணீரைப் பிரித்துவிட்டது, வெயில் குடித்தது போக மிஞ்சியதுதான் இந்த உப்பு என்பான். மேட்டுநிலத்து ராஜாக்கள் உப்புக் கட்டியைக் காசாக வைத்திருந்தார்கள் என்பான். இத்தாலிக்காரன் வந்தான், தண்டவாளம் போட்டான், வெயில் தாங்காமல் ஓடினான் என்பான். அத்தனையும் உண்மை. காசு கொடுத்துக் கேட்பவர்களுக்கு மட்டும் அவன் வாயில் உண்மை வரும்.

மொமினாவின் காபிக் குடிசை இரண்டு வழிகள் பிரிகிற இடத்தில் இருந்தது. ஒன்று, வெள்ளை வெளேரென்ற உப்பின் குறுக்கே, வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வரும் ஏரிக்கு நேராக. மற்றது, மலையடிவாரக் கல்லோடு சுற்றிக்கொண்டு அதே ஏரிக்கு. என்றைக்காவது தர்சா இங்கே தனியாக வருவான், எது நல்ல வழி என்று கேட்பான், சாவுக்குப் போகிற வழியைக் காட்டிவிட வேண்டும் என்று அவள் பொய்யைத் தீட்டி வைத்திருந்தாள். அவனோ எப்போதும் காரில் கூட்டத்தோடு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுவான்.

ஒரு நாள் காலையில் தனியாக ஒட்டகத்தில் வந்தான். வெளிநாட்டுக் கூட்டம் ஒன்று வேறு வழியாக ஏரிக்கரைக்கு வந்துவிட்டது. இவன் போய்ச் சேர்வதற்குள் வேறு வழிகாட்டி கொத்திக்கொண்டு போய்விடுவான் என்ற பதற்றம் அவன் முகத்திலேயே தெரிந்தது. குடிசையில் உப்பு வெட்டும் கிழவர் பொதாயா காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் சேதி கேட்காமல் போனால் மரியாதை இல்லை.

"என்ன தங்கச்சி, சௌக்கியமா?"

தங்கச்சியாம். மொமினாவுக்கு நாக்கு கசந்தது. "சௌக்கியம். நீங்க?"

"இருக்கேன். என்ன சேதி?"

உப்பு வழி கல் மாதிரி இருக்கு, தாராளமா போங்க. அந்தப் பொய் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. விடியலில்தான் அவள் உப்பில் இறங்கிப் பார்த்திருந்தாள். மேட்டுநிலத்து மழைத்தண்ணீர் அடியில் புகுந்திருந்தது. மேலே வெள்ளைத் தரை, கீழே சேறு. அவள் கழுதை வயிறுவரை புதைந்து, இழுத்துப் போடுவதற்குள் அதன் உயிர் போய்விட்டது. ஒரு வார்த்தை போதும்.

வாயைத் திறந்தவள் அவன் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண் சேதி கேட்கிற கண்ணாக இல்லை. பொய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று துழாவுகிற கண். இவள் என்ன சொன்னாலும் அதற்கு நேர்மாறாகப் போகிறவன்! உப்பு நல்லது என்று சொன்னால் மலை வழியாகப் போய்ப் பிழைத்துவிடுவான் இந்தப் பாவி. மொமினாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இத்தனை காலம் பொய்யைத் தீட்டிக்கொண்டிருந்தது எவ்வளவு மடத்தனம்!

"பொதாயா, நீங்களும் கேளுங்க" என்று ஆரம்பித்தாள். "மேட்டுல மழை. உப்புக்கு அடியில தண்ணி வந்துருச்சு. விடியக்காலையில என் கழுதை புதைஞ்சு செத்துச்சு. அந்தப் பக்கம் போகாதீங்க. மலை வழி நல்லா இருக்கு. அதுல போங்க."

"மலையில யாரு இருக்கா?"

"என் சித்தப்பா மக்க இருக்காங்க. வாக்ரிஸும் தம்பிகளும். ஊத்துல ஆட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு."

தர்சா மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "துப்பாக்கியோடவா?"

"துப்பாக்கி இல்லாம எந்த அஃபார் ஆடு மேய்க்கிறான்?"

"என்னைப் பத்தி ஏதாவது பேசினாங்களா?"

"பேசினாங்க. உங்களைக் கண்டா விடமாட்டேன்னு வாக்ரிஸ் சொன்னான். நான் மறைக்கலை, மறைக்கவும் கூடாது. ஆனா ஊத்துக்கிட்ட யாரையும் தொடமாட்டான். அது நம்ம வழக்கம்."

அத்தனையும் உண்மை. சொன்னது தாகு. கூடவே முகமெல்லாம் மலர்ந்த ஒரு சிரிப்பு. அது மட்டும் அவள் சொந்தச் சரக்கு.

தர்சா அந்தச் சிரிப்பைப் பார்த்தான். "நல்லா இருக்கு தங்கச்சி, நல்லா இருக்கு. என்னைச் சுட ஆளை மலையில வச்சுட்டு இங்க உக்காந்து காபி காய்ச்சுவியா? நான் பால் குடிக்கிற பிள்ளைன்னு நினைச்சியா?"

பொதாயா பதறி எழுந்தார். "ஏ தர்சா, தாகு சொல்றாடா அவ! தாகுல யாராவது பொய் சொல்வாங்களா?"

"ஏன், சொல்லமாட்டாங்களா?" என்று தர்சா வெடுக்கென்று கேட்டான்.

கேட்ட பிறகுதான் வாயிலிருந்து என்ன விழுந்தது என்று அவனுக்கே உறைத்தது. கிழவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி மொமினாவைப் பார்த்தார். அன்று உளறல் என்று கலைந்து போன பெரியவர்களில் அவரும் ஒருவர்.

தர்சா பேச்சை வளர்க்கவில்லை. ஒட்டகத்தைத் தட்டி உப்பில் இறக்கினான். "போகாதே!" என்று கிழவர் கத்தினார். மொமினாவும் கத்தினாள், "போகாதீங்க அண்ணே!" அதுவும் பொய்யில்லை, வாய் அப்படித்தான் சொன்னது. மனசு மட்டும் போ, போ என்று அடித்துக்கொண்டது.

வெயில் ஏறியபோது வாக்ரிஸும் தம்பிகளும் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். இடுப்புவரை சேறு.

"என்ன சேதி?" என்றாள் மொமினா.

"மலையில எல்லாம் நல்லது. உப்புல ஒருத்தன் போயிட்டிருந்தான். அடியில தண்ணின்னு தெரியாம போறானேன்னு துப்பாக்கியைத் தூக்கி ஆட்டிக் கூப்பிட்டோம். யாருன்னுகூட எங்களுக்குத் தெரியலை. அவன் எங்களைப் பாத்ததும் ஒட்டகத்தை அடிச்சு இன்னும் வேகமா உள்ள போனான். ஓடினோம். எட்டுறதுக்குள்ள முழுகிட்டான்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். காப்பாற்ற நீட்டிய கை அவனுக்குக் கொல்ல வந்த கையாகத் தெரிந்திருக்கிறது. மொமினாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதை அவள் மறைக்கவில்லை.

"ஒட்டகம்?"

"அதுவும்தான்."

அப்போது அவளுக்குக் கண்ணீர் வந்தது. காஸின் ஒட்டகங்கள் நினைவுக்கு வந்தன. வாயில்லா ஜீவன் என்ன பாவம் செய்தது?

பொதாயா குடிசை வாசலில் வந்து நின்றார். தெற்கேயிருந்து உப்பு வெட்டுகிறவர்களின் வரிசை ஒன்று வந்துகொண்டிருந்தது. முன்னால் வந்தவன் கிழவரின் கையை முத்தமிட்டு, "என்ன சேதி?" என்று கேட்டான்.

"மேட்டுல மழை" என்றார் பொதாயா. "உப்பு இளகிக் கிடக்கு, மலை வழியா போங்க. தர்சா உப்புல போயிட்டான், மொமினா சொல்லியும் கேக்கலை." குடிசைக்குள் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இன்னொரு சேதி. பழசு. முன்னாடியே சொல்லியிருக்கணும். காஸ் வடக்கே போனானே, தாகுல பொய் சொல்லி அவனை அனுப்பினது தர்சா. போற இடமெல்லாம் சொல்லுங்க."

மொமினா அடுப்பை ஊதி, அவர்கள் எல்லோருக்குமாகக் காபிக்குத் தண்ணீர் வைத்தாள்.