கவுண்டரில் கூப்பிட்ட பெயர்

அன்று காலை அக்கா தங்கச்சிக்காகச் செய்த கடைசி உருப்படியான காரியம், அவளுடைய நாற்காலியில் இரண்டு பழைய ஃபைல் கட்டுகளை அடுக்கி, மேலே ஒரு துண்டை மடித்துப் போட்டது. கவுண்டருக்கு மேலே தங்கச்சியின் உச்சந்தலை மட்டும்தான் தெரிகிறது, ஆளே இல்லையென்று ஜனங்கள் திரும்பிப் போகிறார்கள் என்று ஹெட் கிளார்க் புலம்பியிருந்தார்.

"ஏறு, மகாராணி."

"சிம்மாசனம் ஆடுது அக்கா."

"ஆடாம உக்காரத்தாண்டி சம்பளம்."

அக்கா அந்தத் தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட். தங்கச்சி ஜூனியர் கிளார்க்காகச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. விளம்பரத்தில் கேட்டிருந்த தகுதிகள் எல்லாம் அவளிடம் இருந்தன. பள்ளிப் படிப்பு, டைப்பிங், அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. கேட்காத ஒன்றும் இருந்தது, தொண்டை. இன்டர்வியூவில் ஹெட் கிளார்க், "இந்த உடம்புலேர்ந்து சத்தம் வருமா?" என்று கிண்டலடிக்க, அவள் அவர் பெயரையே கூப்பிட்டுக் காட்டினாள். வெளியே தூங்கிக்கொண்டிருந்த பியூன் எழுந்து சல்யூட் அடித்துவிட்டார்.

அந்த வேலையில் பாதி அந்தத் தொண்டைதான். தேதி முத்திரையை மாற்றுவது, மனுவில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது, நூல் கோத்துக் கட்டுவது எல்லாம் மீதிப் பாதி. கவுண்டர் கம்பிக்குப் பின்னாலிருந்து பெயரைக் கூப்பிட்டால் பெஞ்சிலிருந்து ஆள் எழுந்து வருவார். வந்திருப்பது யார் என்று தெரிந்துகொள்ள அங்கே வேறு வழி இல்லை.

அதைத் தெரிந்துகொண்டுதான் மூன்று பேர் வந்து வாசல் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்கள் தேடி வந்தது ஒரு லாரி டிரைவரை. ஆற்று மணலைத் திருடி விற்கும் கூட்டத்துக்கு வண்டி ஓட்டியவர். மனசு கேட்காமல் அதை விட்டுவிட்டு, யார் யார் அள்ளுகிறார்கள் என்று வாக்குமூலம் கொடுக்க வந்திருந்தார். முன்பும் ஓரிரு முறை வந்து அலைந்தவர், அதனால் அக்கா தங்கச்சி இருவருக்கும் அவர் முகம் பழக்கம். கூலிக்கு வெட்ட வந்த அந்த மூவருக்கும் அவர் பெயர் மட்டும்தான் தெரியும்.

அவர்களில் சிவப்புச் சட்டைக்காரன் கவுண்டருக்கு வந்தான். டிரைவரின் பெயரைச் சொல்லி, "எப்பம்மா கூப்பிடுவீங்க?" என்றான்.

"நீங்க?"

"சொந்தக்காரங்க."

டைப் அடித்துக்கொண்டே அக்கா இதைக் கேட்டாள். தப்பாக ஒன்றும் தோன்றவில்லை. வரிசையில் அடுத்த முறை டிரைவருடையது. தங்கச்சி மூச்சை இழுத்து, ஹால் அதிரக் கூப்பிட்டாள்.

அது டிரைவரின் பெயர் இல்லை, அப்பாவின் பெயர். செத்துப்போன அப்பாவின் பெயர்.

அக்காவின் விரல்கள் நின்றுவிட்டன. தங்கச்சி திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை அதே பெயரைக் கூப்பிட்டாள். அப்போதுதான் அக்கா கவுண்டருக்கு வெளியே பார்த்தாள். சிவப்புச் சட்டைக்காரனின் சாக்குப் பை கொஞ்சம் வாய் திறந்திருந்தது. உள்ளே அரிவாளின் பிடி.

அக்கா 'போலீஸ்' என்று ஒரு தாளில் எழுதி ஹெட் கிளார்க் முன்னால் வைத்துவிட்டு, தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக ஹாலுக்குப் போனாள். டிரைவர் எப்போதும்போல் தண்ணீர்க் குடத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, எழுந்து என் பின்னாடி வாங்க. அங்க பாக்காதீங்க."

"என் முறை போயிடுமேம்மா."

"போகாது. வாங்கண்ணே!"

கழிவறைப் பக்கத்துச் சந்தில் அவரைக் கூட்டிப்போய், பின்வாசல் தாழ்ப்பாளைத் திறந்து வெளியே தள்ளினாள். தாழ்ப்பாளைப் போடும்போது உள்ளேயிருந்து சத்தம் கேட்டது.

"யாருடி அது, செத்தவன் மாதிரி வராம இருக்கான்? நாங்க சொன்ன பேரைக் கூப்பிடு!"

"வரிசைப்படிதான் கூப்பிடுவேன்."

அக்கா ஓடி வந்து பார்த்தபோது சிவப்புச் சட்டைக்காரன் கம்பி இடைவெளியில் கையை விட்டுத் தங்கச்சியின் பின்னலைப் பிடித்திருந்தான். முகத்தைக் கம்பியில் மோதினான். மூக்கு உடைந்தது. மறுபடி மோதினான். பல் ஒன்று தேதி முத்திரையின் மேல் விழுந்தது.

"கூப்பிடு!"

ரத்தத்தைத் துப்பிவிட்டு அவள் கூப்பிட்டாள். அப்பாவைத்தான்.

ஹாலில் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து வாசலுக்கு முட்டி மோதினார்கள். இரண்டாமவன் கவுண்டர் கதவை உதைத்துப் பெயர்த்தான். தங்கச்சி நாற்காலியிலிருந்து இறங்குவதற்குள் அவன் அரிவாள் தோளில் இறங்கி, எலும்பில் சிக்கியது. காலால் அவளை மிதித்து உருவினான். அடுத்த வெட்டு கழுத்தில்.

அக்காவின் மேசையில் ரசீதுகளைக் குத்தி வைக்கும் கம்பி இருந்தது. அதை எடுத்து அவன் கன்னத்தில் இறக்கினாள். அவன் அலறித் திரும்பி வீசியதில் அவள் இடது கையில் இரண்டு விரல்கள் போயின. அவளுக்கு அது தெரியவில்லை. கம்பியை உருவி மறுபடி குத்தினாள். அவன் விழுந்தான். மேலே ஏறி உட்கார்ந்து குத்தினாள். கண் எது வாய் எது என்று தெரியாத மாதிரி ஆகும்வரை நிறுத்தவில்லை. அந்தப் பக்கம் பியூன் இரும்பு ஸ்டூலைத் தூக்கிச் சிவப்புச் சட்டைக்காரனின் மண்டையில் போட்டார். ரத்தத்தில் வழுக்கி விழுந்தவன் எழ முடியாமல் தவழ, "எங்கடா போற, வரிசையில வா!" என்று கத்திக்கொண்டே ஸ்டூல் கால் வளைகிறவரை அடித்தார். மூன்றாமவன் ஓடிவிட்டான்.

ஹெட் கிளார்க் போனைக் காதில் வைத்தபடி, ஏற்கெனவே விலாசம் சொல்லி முடித்ததை மறந்து, திரும்பத் திரும்ப விலாசம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தங்கச்சி நாற்காலிக்கும் கவுண்டருக்கும் நடுவே மடங்கிக் கிடந்தாள். அக்கா தன் துப்பட்டாவைக் கழுத்தில் அழுத்தினாள். ரத்தம் துணியைத் தாண்டி, மீதியிருந்த விரல்களைத் தாண்டி வந்தது.

"போயிட்டாரா?" என்றாள் தங்கச்சி. வாயசைவுதான், அந்தத் தொண்டையில் சத்தம் இல்லை.

"போயிட்டாருடி. பேசாத."

அவள் பேசவில்லை. போலீஸ் வந்தபோது உயிர் இல்லை.

காரியங்கள் முடிந்தபின் டிரைவர் வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றார். "என் பேரைக் கூப்பிட்டிருந்தா, கையத் தூக்கிட்டு நேரா ஓடி வந்திருப்பேம்மா," என்றார். அக்கா அவரை உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. மறு வாரம் வாக்குமூலம் கொடுத்தார். மணல் முதலாளி உள்ளே போனான்.

அக்கா குத்தியவன் ஆஸ்பத்திரியில் செத்தான். தற்காப்பு என்று கோர்ட் விட்டுவிட்டது. இரண்டு விரல் இல்லாமல் முன்போல் டைப் அடிக்க முடியாது. கவுண்டருக்கு மாற்றிப் போட்டார்கள். தேதி முத்திரையை மாற்றுகிறாள், நூல் கோக்கிறாள், பெயர் கூப்பிடுகிறாள். கூப்பிடுமுன் பெஞ்சில் இருக்கிறவர்களின் கைகளை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறாள்.

அக்கா உயரம். அந்த நாற்காலியில் அவள் முழங்கால் மேசையின் அடியில் இடிக்கிறது. ஃபைல் கட்டு இரண்டும் இன்னும் அதில்தான் இருக்கின்றன.