பள்ளம் விழுந்த கோடு

அந்தக் கல்லுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றித் திரிகிற எண்ணற்ற சிறுகோள்களில் அதுவும் ஒன்று. ஒரு சிறுகோளின் வெளிச்சம் எப்படிக் கூடிக் குறைகிறது என்று அளந்துகொண்டே வந்தால், அது தன்னைத்தானே சுற்ற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று சொல்லிவிடலாம். உலகப் பட்டியலில் இந்தக் கல்லுக்கு நேரே அந்தக் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. சுபோதினி அதை நிரப்ப நினைத்தாள். அவளுடைய கையால் நிரப்பக்கூடியதாக வேறொன்றும் இருக்கவில்லை.

பின்னேரங்களில் கொழும்பு வெள்ளவத்தையில் ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் வகுப்பு எடுப்பாள். மிச்ச நேரமெல்லாம் கனடா விசாவுக்குக் காத்திருப்பு. கலியாணம் முடித்த கையோடு கிஷாந்த் ரொறன்ரோவுக்குத் திரும்பிப் போய், அவளை ஸ்பொன்சர் பண்ணி, மூன்று வருஷமாகிறது. மனு எங்கே நிற்கிறது என்று எவருக்கும் தெரியாது.

கல்லிலும் ஒரு கோணல் இருந்தது. அது ஒரு நாளில் சரியாக ஒருமுறை சுற்றியது, அல்லது இரண்டு முறை, அல்லது மூன்று முறை. எதுவென்று கொழும்பிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. எப்படிச் சுற்றினாலும் இங்கே இருட்டும் நேரத்துக்கு அது அதே பக்கத்தைத்தான் திருப்பிக் காட்டும். மாசி மாதம் முழுக்க வானம் வெளித்திருந்தது. தொடர்மாடியின் உச்சியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் தொலைநோக்கியை வைத்து அளந்தாள். ஒவ்வொரு நாளும் மங்கலிலிருந்து பிரகாசத்துக்கு ஏறுகிற அதே கோடுதான் கிடைத்தது.

முதல் நாள் கோட்டில் மட்டும் தொடக்கத்திலேயே ஒரு பள்ளம் இருந்தது. கீழ்வீட்டு ஜெகதீஸ்வரி அக்கா காய்ந்த உடுப்பு எடுக்க மேலே வந்து, கதவடி பல்ப்பைப் போட்டுவிட்டார்.

"ஐயோ அக்கா, லைட்!"

"ஏன் பிள்ளை, உம்மட கல்லுக்குக் கண் கூசுமோ?"

உடுப்பை எடுத்து மடித்து முடிக்கும்வரை பல்ப் எரிந்தது. வெளிச்சம் தொலைநோக்கிக் குழாய்க்குள் ஒரு பக்கமாக விழுந்ததில் கல் மங்கித் தெரிந்து, நான்கு புள்ளிகள் கெட்டுப்போயின. முதலாவது கொஞ்சம் இறங்கியிருந்தது, அடுத்த இரண்டும் நன்றாக விழுந்து கிடந்தன, நான்காவது பாதி ஏறி நின்றது. மற்றப்படி அன்றைய கோடு நல்ல கோடு.

உலகத்தின் மற்றப் பக்கத்திலிருந்து யாராவது ஒருமுறை அளந்தால் விஷயம் முடிந்துவிடும். மற்றப் பக்கத்தில் ஆள் இல்லாத வீடு வெள்ளவத்தையில் இல்லை. சுபோதினிக்கும் ஆள் இருந்தது. போன வருஷம் அவளுடைய நச்சரிப்புத் தாங்காமல் கிஷாந்த் பழைய தொலைநோக்கி ஒன்றும் கமராவும் வாங்கியிருந்தான். ஸ்காபரோவில் அவனுடைய அறைக்கு ஒரு பல்கனியும் இருந்தது.

"ஒரேயொரு இரவு போதுமப்பா," என்றாள் தொலைபேசியில்.

"இஞ்ச சினோ கொட்டுது. வானமே தெரியேல்லை, கல்லு எங்க தெரியப்போகுது?"

"விட்டா அது தூரப் போயிடும். திரும்ப இவ்வளவு கிட்ட வர ஏழு வருஷம் செல்லும்."

"அது பரவாயில்லை, உம்மட விசாவுக்கு முதல் வந்திடும்," என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். வேறென்ன செய்ய?

எண்களை எப்படி வரிசைப்படுத்துவது என்று மாதிரிக்குத் தன்னுடைய முதல் நாள் அளவுகளை அனுப்பிவைத்தாள். பிறகு நாள்தோறும் அவனிடமிருந்து செய்தி வந்தது. முகில். ரெட்டை ஷிப்ட். முகில். நாளைக்குக் கட்டாயம். அவன் ஒரு பேக்கரிக் களஞ்சியத்தில் மாப் பெட்டி ஏற்றுகிறவன். நாரியும் இடுப்பும் பிடித்துக்கொண்டு கிடக்கிறவனிடம் மைனஸ் பதினெட்டில் பல்கனியில் நில் என்று கேட்பது கொடுமை என்று அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்துகொண்டுதான் கேட்டாள்.

மாசி முடியும் தறுவாயில் எண்கள் வந்தன.

வகுப்பைக் கொஞ்சம் முந்தி விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து கணினியில் வரைந்து பார்த்தாள். பிரகாசத்திலிருந்து மங்கலுக்கு அழகாக இறங்குகிற கோடு. இரண்டு, மூன்று தரமென்றால் கோடு இப்படி வராது; கல் ஒரு நாளில் ஒரு தரம்தான் சுற்றுகிறது. விடை கையில் இருந்தது. தேத்தண்ணி போட எழும்பியவள், பால்மாப் பேணியைத் திறந்த கையோடு திரும்பி வந்து திரையைப் பார்த்தாள்.

கோட்டின் கடைசியில் ஒரு பள்ளம். முதலாவது புள்ளி பாதி இறங்கியிருந்தது. அடுத்த இரண்டும் விழுந்து கிடந்தன. நான்காவது கொஞ்சம் குறைவாக நின்றது.

மாதிரிக்கு அனுப்பிய தன்னுடைய முதல் நாள் கோட்டை எடுத்து, கடைசியை முதலாக்கித் திருப்பி அதன்மேல் வைத்தாள். புள்ளிக்குமேல் புள்ளி உட்கார்ந்தது. ஜெகதீஸ்வரி அக்காவின் பல்ப் ரொறன்ரோவில் எரிந்திருந்தது.

அன்றிரவு கிஷாந்த் தொலைபேசி எடுத்தான்.

"கிடைச்சுதே? வடிவா இருக்கே?"

"ஓம். வடிவா இருக்கு. படங்களையும் அனுப்புங்கோவன்."

"படமோ... இடம் காணாதெண்டு அழிச்சுப்போட்டன். நம்பர் மட்டும் காணும்தானே?"

"காணும்." பிறகு கேட்டாள்: "நல்ல குளிரோ?"

"அதையேன் கேக்கிறீர். கிளவுஸைக் கழட்டிப்போட்டுத்தான் ஃபோகஸ் பண்ணினனான். விரல் பத்தும் விறைச்சுப்போச்சு. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் கதவைத் திறந்து பாத்துப்போட்டுப் பூட்டினவன்." சொல்லச் சொல்ல அவனுடைய குரலில் உற்சாகம் ஏறியது. "என்ர பேரும் அதில வருமோ?"

"வரும்," என்றாள்.

கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் கோபிப்பான், அல்லது அழுவான். இரண்டில் எதையும் இங்கிருந்து சமாளிக்க முடியாது. ஸ்பொன்சர் மனு அவன் பெயரில் இருந்தது. அதைவிட, அவளைச் சந்தோஷப்படுத்தத்தான் செய்தான் என்பதும் தெரிந்தது. தொல்லை விட்டால் போதும் என்று செய்திருக்கலாம் என்பதும் தெரிந்தது. எது எவ்வளவு என்று அளக்க அவளிடம் கருவி இல்லை.

பட்டியலைப் பராமரிக்கிறவர்களுக்குத் தன்னுடைய அளவுகளை மட்டும் அனுப்பினாள். ஒரு வாரத்தில் பதில் வந்தது. நன்றி, மூன்று விடையும் சாத்தியம், ஆகவே ஆகக் குறைந்த தரத்தில் பதிந்திருக்கிறோம். நம்பிப் பாவிக்க வேண்டாம் என்பதுதான் அந்தத் தரத்தின் அர்த்தம். அவளுடைய பெயர் மட்டும் கீழே இருந்தது. அதற்குள் கல் மங்கிவிட்டது. மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் கடல் பக்கத்தில் முகில் கட்டத் தொடங்கியிருந்தது.

கிஷாந்த் பட்டியலைப் பார்த்தானோ தெரியாது. சித்திரையில் ஒருநாள் அவசரமாக எடுத்தான்.

"இமிகிரேஷன்காரர் இன்னும் ஆதாரம் கேக்கினம். உண்மையான கலியாணமோ எண்டு சந்தேகமாம். எங்கட மெசேஜ் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து அனுப்பும். அந்தக் கல்லுக் கதையள் முழுக்க. லோயர் துள்ளிக் குதிக்கிறார், இப்பிடி ஆதாரம் தான் கண்டதே இல்லையாம்."

"எல்லாத்தையுமோ?"

"நான் எடுத்த அந்த நம்பர்தான் முக்கியமாம். புருஷன் சினோவுக்க நிண்டு செய்திருக்கிறானெண்டு பாத்தவுடன விளங்குமாம்." குரலைத் தாழ்த்தினான். "அதையும் சேர்த்து வையும்."

காலி வீதியில் ஒரு கொமினிகேஷன் கடையில் பிரிண்ட் எடுக்கக் கொடுத்தாள். தாள்கள் சூடாக வந்து விழுந்தன. முகில். ரெட்டை ஷிப்ட். நாளைக்குக் கட்டாயம். கடைசியாக எண்கள். அந்தத் தாளை மட்டும் வெளியே இழுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கீழே அந்த நான்கு எண்களும் இருந்தன. அவற்றைப் பள்ளமென்று வாசிக்க அந்த இமிகிரேஷன் கந்தோரில் ஒருவராலும் முடியாது.

"அதையும் சேர்த்து ஸ்டேப்பிள் பண்ணவோ மிஸ்?" என்றார் கடைக்காரர்.

"ஓம்," என்று தாளை நீட்டினாள்.