வால்வு சூடேறும் வரை

தனுஜா பேஸ் கிட்டார் வாசிக்கத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகியும், அவள் வாசிப்பது என்ன என்று அவள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. மேடையில் அவள் நிற்பதைப் பார்த்திருக்கிறார்கள். விரல்கள் அசைவதையும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் காதில் விழுவதெல்லாம் பாட்டும் டிரம்மும்தான். தானா ராத்தா மண்டபத்தில் ஒரு கல்யாணத்தில் வாசித்துவிட்டு இறங்கியபோது, அவளுடைய சித்தி வசுமதி கையைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் கேட்டாள்: "நல்லா நின்ன தனு. ஆனா உன் கிட்டார் சத்தமே வரலையே, வயர் மாட்ட மறந்துட்டியா?"

சித்தி கேலி செய்யவில்லை. உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள். அதுதான் தனுஜாவுக்குத் தாங்கவில்லை.

அவர்கள் குழுவில் மூன்று பேர். பெயர் 'கொழுந்து'. டிரம்ஸ் வாசிப்பது தனுஜாவின் கணவன் புவனேஸ்வரன். கோலா தெர்லாவிலிருந்து ஈப்போவுக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவன். பாட்டும் லீட் கிட்டாரும் குகனேஸ்வரன். தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. தனுஜாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. வேலை முடிந்த சாயங்காலங்களில், ஒரு காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையாக இருந்து இப்போது சும்மா கிடக்கும் கட்டடத்தில் மூவரும் பழகுவார்கள். தனுஜாவிடம் இருந்தது வாசிக்கக் கற்றபோது வாங்கிய, கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் சின்ன ஆம்ப். படுக்கையறையில் தனியாக வாசிக்க அது போதும். புவனேஸ்வரன் குச்சியை எடுத்துவிட்டால் அது இருக்கும் இடமே தெரியாது.

அந்த வருடம் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வாசிக்க அவர்களையே கூப்பிட்டார்கள். அதுவரை ஈப்போவிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோதான் ஆர்க்கெஸ்ட்ரா வரும். கோயில் தலைவர் சிங்காரம் ஒருநாள் கொட்டகைக்கே வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பாட்டு முழுக்க நின்று கேட்டார். நம்ம பிள்ளைகள் வாசிக்கட்டும், ஆனால் வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கொஞ்சமும் குறையக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு புவனேஸ்வரன்தான் முதலில் பேசினான்.

"தனு, நான் அடிக்கிறப்ப நீ முங்கிப் போயிடுற. நானும் உனக்காக மெதுவா அடிச்சு அடிச்சு எனக்கே என் கை மறந்துபோச்சு. இந்தத் தடவ நல்ல ஆம்பா பாத்துருவோம்லா."

அவன் அப்படிச் சொல்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. இத்தனை நாள் தனக்காக அவன் கையை அடக்கிக்கொண்டு வாசித்திருக்கிறான் என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை ஈப்போ பாசாரில் கோஸும் தக்காளியும் இறக்கிய கையோடு, அதே லோரியில் மூவரும் இசைக்கருவிக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் வயதான சீனர். முன்பு ஹோட்டல்களில் வாசித்தவராம். மலாயில் பேசிக்கொண்டே குகனையும் புவனேஸ்வரனையும் மாறி மாறிப் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் தனுஜாவைக் காட்டினார்கள். அவர் சிரித்து, நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டு, என்ன மாதிரிப் பாட்டு, எவ்வளவு பெரிய இடம், கூட யார் வாசிக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக அவளிடமே கேட்டார்.

முதலில் அவர் எடுத்து வைத்தது புது வகை ஆம்ப். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருந்தது. குகன் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, இதுதான் என்பது போலத் தலையாட்டினான். தனுஜா வாசித்துப் பார்த்தாள். குறை சொல்ல எதுவும் இல்லை. ஒவ்வொரு சுரமும் சுத்தமாக வந்தது, சுத்தமாக நின்றது. மெல்லத் தொட்டாலும் அழுத்தித் தட்டினாலும் சத்தம் கூடியது, குறைந்தது. அவ்வளவுதான். கை மாறினாலும் குரல் மாறவில்லை.

அவளுடைய கண் சுவரோரம் இருந்த கறுப்புப் பெட்டிகள் மேல் போயிற்று. வால்வு ஆம்ப். பழைய ஒலிப்பதிவுகளில் அதன் சத்தத்தைக் கேட்டிருக்கிறாளே தவிர, பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. கடைக்காரர் அவள் பார்வையைக் கவனித்துவிட்டு, ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். முதலில் ஸ்பீக்கர் பெட்டியை இணைத்தார். ஸ்பீக்கர் மாட்டாமல் இதை ஒருநாளும் போடக்கூடாது, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வெந்துபோகும் என்றார். பிறகு ஒரு சுவிட்சைப் போட்டார். பின்பக்கக் கம்பி வலைக்குள் வால்வு என்ற கண்ணாடிக் குழாய்கள் மெல்லச் சிவந்தன. காத்திருக்கச் சொன்னார். அவசரப்பட்டு வாசித்தால் இதன் சுபாவம் தெரியாது என்றார். கண்ணாடிக்குள் செம்மஞ்சள் வெளிச்சம் நிலைத்த பிறகுதான் இரண்டாவது சுவிட்சைப் போட்டார்.

தனுஜா தடித்த கம்பியை ஒருமுறை மெல்லத் தொட்டாள்.

சுரம் எழுந்து, உருண்டு, தரையில் உட்கார்ந்தது. அடுத்து அழுத்தித் தட்டினாள். இப்போது அதே சுரம் தொண்டை லேசாகக் கரகரத்து வெளியே வந்தது, உச்சத்துக்குப் போகும் பாடகனின் குரல் மாதிரி. மறுபடி மெல்லத் தொட்டாள், மறுபடி உருண்டது. அவள் விரல் செய்வதையெல்லாம் அந்தப் பெட்டி கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் யாரையும் பார்க்காமல் வாசித்தாள்.

குகன் தன் சந்தேகங்களை மறைக்கவில்லை. பெட்டி பாரம். மலைப்பாதை முழுக்க வளைவு. கண்ணாடிக் குழாய் ஆடி உடைந்தால்? வால்வு தேய்ந்தால் மாற்ற வேண்டும், அதற்கு மறுபடி ஈப்போவுக்குத்தான் வர வேண்டும். சின்ன ஆம்பில் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. கடைக்காரரும் அவன் சொல்வதெல்லாம் சரிதான் என்று ஒப்புக்கொண்டார். தனுஜா முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"எல்லாம் சரிதான் தம்பி. ஆனா அது நான் என்ன பண்ணாலும் ஒரே மொகத்தோட இருக்கு. இது நான் அழுத்துனா அழுத்துது, விட்டா விடுது. எனக்கு இதுதான் வேணும்."

அதோடு முடியவில்லை. வால்விலேயே இரண்டு இருந்தன. ஒன்று நூறு வாட். இன்னொன்று முந்நூறு வாட். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். திடலில் வாசிக்கப் போகிறோம் என்றதும் கடைக்காரர் பெரியதைத்தான் காட்டினார். புவனேஸ்வரனுக்கும் அதன் மேல்தான் கண். இத்தனை வருடம் கேட்காமல் போனதற்கெல்லாம் சேர்த்துக் கேட்கட்டும் என்றான்.

தனுஜா பெரியதையும் வாசித்தாள். குமிழைத் திருகத் திருக அலமாரியில் தொங்கிய சலங்கை வைத்த தாம்புரின்கள் தாமாகவே சலசலத்தன. அப்போதும் அந்த ஆம்ப் அசரவில்லை. இறுக்கமாக, சுத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது. அதற்குத் தொண்டை கரகரக்க வேண்டுமென்றால் மலைமேல் பிரிஞ்சாங் வரைக்கும் கேட்கிற மாதிரி வாசிக்க வேண்டியிருக்கும்.

கடை மூலையில் ஒரு டிரம் செட் இருந்தது. அவள் கணவனை அதில் உட்காரச் சொன்னாள்.

"உங்க கையால அடிங்க. எனக்காகக் கொறைக்க வேணாம்."

அவன் அடித்தான். முதலில் பெரிய ஆம்போடு வாசித்தாள். அவன் சத்தத்துக்குச் சமமாக வைத்தபோது, அது அந்தச் சாப்பாட்டு டப்பா ஆம்ப் மாதிரியே ஒலித்தது. அதன் வேலை இன்னும் தொடங்கவே இல்லை. பிறகு நூறு வாட். குமிழ் பாதி தாண்டியதும் புவனேஸ்வரன் காலால் மிதிக்கும் டிரம்மும் அவள் கம்பியும் ஒரே இடத்தில் போய் விழுந்தன. எது தோல், எது கம்பி என்று பிரிக்க முடியவில்லை. அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். நிறுத்தவில்லை. பாட்டு முடியும்வரை இருவரும் வாசித்தார்கள். கடைக்கு வந்திருந்த ஒரு மலாய்க் குடும்பம் வாசலிலேயே நின்றுவிட்டது.

"திடலுக்குப் பத்துமாக்கா?" என்று குகன் கேட்டான்.

"தூரத்துக்குக் கொண்டு போறது அங்க வைக்கிற பெரிய ஸ்பீக்கரோட வேல. இதோட வேல எனக்குக் குரல் குடுக்கிறது. இது போதும்."

கடைக்காரர் பெரிய ஆம்பின் வயரைச் சுற்றி எடுத்துவைக்கத் தொடங்கினார். லோரியில் காலிக் கூடைகளுக்கு நடுவே, இரண்டு கம்பளியில் சுற்றி ஆம்பையும் அதன் ஸ்பீக்கர் பெட்டியையும் வைத்தார்கள். சிம்பாங் பூலாயிலிருந்து மலையேறும் வழி முழுக்க, புவனேஸ்வரன் தக்காளிக்குக்கூட அவ்வளவு மெதுவாக ஓட்டியதில்லை.

திருவிழாவன்று மத்தியானமே மழை கொட்டிவிட்டது. சாயங்காலம் மழை விட்டுப் பனிமூட்டம் இறங்கியபோது, கோயில் திடலுக்குப் போகும் மண்பாதை சேறாகக் கிடந்தது. லோரி தொழிற்சாலை வளைவோடு நின்றுவிட்டது. டிரம்ஸைப் பிரித்துத் தூக்கிப் போய்விடலாம். ஸ்பீக்கர் பெட்டிதான் கவலையாக இருந்தது. அந்த நேரம் பட்டுச்சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, லைன் வீட்டுப் பெண்களோடு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த தனுஜாவின் அம்மா செல்லம்மா நின்றாள்.

"ஆம்பளைங்கள கூட்டியாறேம்மா, நீங்க போங்க. சேலை பாழாயிடும்" என்றாள் தனுஜா.

"எம் மக பொட்டிய நான் தூக்காம வேற யாரு தூக்குவா? புடிங்கடி."

நான்கு பெண்கள் பெட்டியின் நான்கு மூலையையும் பிடித்தார்கள். உள்ளே கல்லா வைத்திருக்கிறாள் என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே சேற்றில் இறங்கினார்கள். ஆம்பை தனுஜா ஒரு பக்கமும் குகன் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கியபோதும் குகன் பாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வால்வில் பனி படுமா என்று மட்டும் கேட்டு, தன் ஜாக்கெட்டைக் கழற்றி மேலே போர்த்தினான்.

மேடையில் சவுண்டு வேலைக்கு ஈப்போவிலிருந்து மகேன் என்பவர் வந்திருந்தார். ஆம்பைப் பார்த்ததும் அது தேவையில்லை என்றார். கிட்டார் வயரை நேராகத் தன்னிடம் கொடுத்தால் போதும், மிச்சத்தை அவர் மிக்சரில் பார்த்துக்கொள்வாராம். எல்லாக் குழுவும் இப்போது அப்படித்தான் செய்கிறது.

"ஒரே ஒரு தடவ கேட்டுப் பாருங்கண்ணே. புடிக்கலன்னா நானே ஆஃப் பண்ணிடுறேன்."

அவள் முதல் சுவிட்சைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். அர்ச்சனை முடிந்து கூட்டம் திடலுக்கு வந்துகொண்டிருந்தது. சிங்காரம் மேடையோரம் வந்து, என்னம்மா, நேரமாவுது என்றார். சூடேற வேண்டும் ஐயா என்று சொல்லி அவள் அசையாமல் நின்றாள். மற்ற நாளாக இருந்தால் தலைவர் பேச்சுக்குப் பதறியிருப்பாள். பனிக்குள் அந்தச் சிவப்பு வெளிச்சம் நிலைத்த பிறகு இரண்டாவது சுவிட்சைப் போட்டு நான்கு சுரம் வாசித்தாள்.

மகேன் தன் பெட்டியைத் திறந்து ஒரு மைக்கை எடுத்தார். ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்தார், காது கொடுத்துக் கேட்டார், கொஞ்சம் தள்ளி வைத்தார். மிக்சருக்கென்று போட்டிருந்த நேர் வயரைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு போனார்.

முதல் பாட்டு குகன் எழுதியது. அதில் பேஸ் தனியாகத்தான் தொடங்கும். முன்பெல்லாம் அந்த இடத்தில், பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக் கூட்டம் பேசிக்கொண்டிருக்கும். இப்போது முதல் சுரம் திடலில் இறங்கியதும் முன்வரிசை நாற்காலிகளில் பேச்சு நின்றது. கச்சான் கடலை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். அவள் மெல்லத் தொட்டபோது மொத்தத் திடலும் பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது. அழுத்தித் தட்டியபோது அந்தக் கரகரப்பு எழுந்து, தேயிலைச் சரிவுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. பிறகு புவனேஸ்வரன் சேர்ந்துகொண்டான், முழுக் கையால். இருபுறமும் தூணில் கட்டியிருந்த வாழை இலைகள் அதிர்ந்தன.

சேறு காயாத காலோடு செல்லம்மா மேடைக்கு நேரெதிரே நின்றிருந்தாள். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு வெளியூர்க்காரரிடம், அவர் கேட்காமலே, "இந்தா, அடிவயித்துல அதிருதுல்ல, அது எம் மக வாசிக்கிறது" என்றாள். பாட்டு முடிவதற்குள் அவருக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடமும் சொல்லிவிட்டாள்.

வாசித்து முடித்ததும் சிங்காரம் மூவருக்கும் மாலை போட்டார். அடுத்த வருடத்துக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், வேறு எங்கேயும் ஒத்துக்கொள்ளாதீர்கள் என்றார். தனுஜா கும்பிட்டாள். தலை நிமிர்ந்தே கும்பிட்டாள்.

சில மாதம் கழித்து சவுண்டுக்காரர் மகேனிடமிருந்து போன் வந்தது. பிரிஞ்சாங் ஹோட்டல் ஒன்றில் வாசிக்கக் கோலாலம்பூர்க் குழு ஒன்று வந்திருக்கிறது. அவர்களுடைய பேஸ் ஆம்ப் வழியில் கெட்டுவிட்டது. மலையில் நல்ல ஆம்ப் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்கள், உன் பெயரைத்தான் சொன்னேன் என்றார். தனுஜா யோசிக்கவில்லை. ஆம்ப் வரும், ஆனால் நானும் கூடவே வந்து நானே மாட்டிக் கொடுப்பேன் என்றாள்.

அந்தக் குழுவின் பேஸ் வாசிப்பவர் மகேஸ்வரன், நாடு முழுக்கப் போய் வாசிக்கிறவர். ஒத்திகையில் கொஞ்சம் வாசித்துவிட்டு நிறுத்தி, ஆம்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குமிழ்களைப் பார்த்தார்.

"இத யாரு செலக்ட் பண்ணிக் குடுத்தது?"

"நாந்தான்."

"பெருசு எடுக்கலயா? எல்லாரும் பெருசுதானே எடுக்கிறாங்க."

அவள் கடையில் டிரம்மோடு வாசித்துப் பார்த்ததைச் சொன்னாள். அவர் தன்னிடம் இருப்பது பெரியதுதான் என்றும், அதைப் பாதிக்கு மேல் திருகுவதற்கு இதுவரை ஒரு மேடையும் விட்டதில்லை என்றும் சொல்லிச் சிரித்தார்.

நிகழ்ச்சி முடியும் நேரத்தில், தனுஜா நின்றிருந்த மேடையோரத்துக்கு அவர் வந்தார். கீழே கூட்டத்தில் புவனேஸ்வரனும் குகனும் நின்றிருந்தார்கள். மகேஸ்வரன் தன் கிட்டாரைக் கழற்றி அவளிடம் நீட்டி, கடைசிப் பாட்டை நீங்கள் வாசியுங்கள் என்றார்.

தனுஜா வாரைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவர் நகர்த்தியிருந்த ஒரு குமிழைத் தன் இடத்துக்குத் திருப்பி வைத்தாள். பிறகு அந்தக் குழுவின் டிரம்மரைப் பார்த்து, ஆரம்பிக்கலாம் என்று தலையசைத்தாள்.