பேரிக்காயா, பீச்சா?

காய்ச்சல் விட்டது. விடும்போது என் மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. மல்லிகையும் மண்ணெண்ணெயும் எனக்கு இப்போது ஒன்றுதான். சென்ட் கடையில் வேலை பார்க்கிறவள் இதை யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்திதான். போன மாதம் ரோஜாவையும் தாமரையையும் மாற்றிச் சொன்ன பெண்ணை எங்கள் சூப்பர்வைசர் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் மோப்பம். அவள் பின்னால் வந்து நின்றாலே நான் பாட்டில்களைத் துடைக்க ஆரம்பித்துவிடுவேன்.

அதனால் கண்ணை வைத்துப் பிழைப்பை ஓட்டினேன். முகர்ந்து பார்க்கக் கொடுக்கும் அட்டையில் எந்தப் பாட்டிலை அடித்தேன் என்பதற்குப் பென்சிலால் ஒரு புள்ளி. வந்தவர் புருவம் ஏறினால், அருமை என்பேன். முகம் சுளித்தால், கொஞ்சம் திகட்டும்தான் என்பேன்.

அன்று சென்ட் வாங்க வந்த ஓர் அக்காவுக்கு அட்டையில் நம்பிக்கை இல்லை. தங்கைக்குப் பரிசு கொடுக்க வேண்டுமாம். அவர் எடுத்து வைத்த இரண்டுமே பழமும் பூவும் கலந்த தித்திப்பு வகை. ஒன்று பேரிக்காயும் மல்லிகையும், மற்றது பீச்சும் ரோஜாவும். கையில் அடித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். வலது கையில் பீச், இடது கையில் பேரிக்காய் என்று சொல்லி இரண்டு பாட்டிலையும் கொடுத்தேன். பில் போடுமிடத்தில் கூப்பிட்டார்கள், போய் வந்தேன். அதற்குள் அவருக்கு ஏதோ போன் வந்து, பேசி முடித்திருந்தார்.

இரண்டு கையையும் நீட்டினார். "எது நல்லா இருக்கு? நீயே சொல்லும்மா."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குனிந்து மூச்சை இழுத்தேன். வெறும் காற்று.

"இடது கைதான்க்கா. பேரிக்காய். உங்க தங்கச்சிக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

அக்கா தன் இடது மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மோப்பம், பேச்சு நின்றதுமே வந்துவிட்டாள். என்ன பிரச்சினை என்று என்னை முறைத்தபடியே கேட்டாள். தொலைந்தோம் என்றே நினைத்தேன்.

அக்கா அதே கையை அவளிடம் நீட்டினார். "நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

மோப்பம் கண்ணை மூடி, நிதானமாக முகர்ந்தாள். பேரிக்காய்தான், சந்தேகமே இல்லை, இன்னும் கொஞ்ச நேரத்தில் மல்லிகை மணமும் வரும் என்றாள்.

"போன் வந்ததுல இந்தக் கையில நான் எதுவும் அடிக்கவே இல்லையே" என்றார் அக்கா.

மேசையில் இருந்த இரண்டு பாட்டிலையும் எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, எங்களை ஒரு மாதிரி பார்த்தபடி வெளியே போனார்.

மோப்பத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்தாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா."

தலையாட்டினேன். என் பயம் போகவில்லை. பங்குக்கு இன்னொருத்தி வந்திருக்கிறாள், அவ்வளவுதான்.